மருந்து என்னும் ஒரு சொல்

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோய் தீர உண்பதும் மருந்து; வெடிக்குள் செலுத்தும் பொடியும் மருந்து. “மருந்து அறையில் வேலை” என்று எங்கள் ஊரார் கூறக் கேட்கும் வெளியூரார், ஏதோ மருத்துவமனையில் வேலை என்று எண்ணிக்கொள்வர். மனிதனின் தலைக்குள்ளும் ஒரு மருந்து அறை உண்டு என்பதை நான் அறிந்தது என் தம்பியின் துன்பத்தினால். வாசக அன்பர்களுள் எவருக்கேனும் பயன்படலாம் என்று, அவனுடைய இசைவோடு இதனை எழுதுகிறேன்.

நான் விருதுநகரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தம்பி பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் போர்மேன். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள். ஆசிரியர் தினம் ஆதலால் பள்ளியில் பிள்ளைகள் எங்களுக்குப் பூக்கொத்துக் கொடுத்துக்கொண்டிருந்தனர். அன்று நண்பகலில்தான் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் அந்தப் பெருவிபத்து நேர்ந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகையைக் கண்டு பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். என் தம்பியும் உதவ ஓடியவர்களுள் ஒருவன். மாலையில் அவன் வீடு திரும்பியபோது உடலில் ஒரு கீறலும் இல்லை. நாங்கள் இறைவனுக்கு நன்றி கூறினோம். எல்லாம் அத்தோடு முடிந்தது என்றும் எண்ணினோம்.

முடியவில்லை. அவனுக்கு உறக்கம் போயிற்று. சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் பாயிலிருந்து துள்ளி எழுவான். கந்தகத்தின் வாடை பட்டாலே அவன் கை நடுங்கும். கலகலப்பாக இருந்தவன் மனைவி மக்கள் மீது எரிந்து விழுந்தான். உறக்கம் வேண்டிக் குடிக்கவும் தொடங்கினான். பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கை தொடங்குமுன்னரே தேர்ப்பவனியை விட்டு எழுந்து போய்விட்டான்.

அப்போது நான் செய்த பிழையை இங்கே மறைக்க விரும்பவில்லை. “ஆண்பிள்ளை இப்படி நடுங்கலாமா? விசுவாசம் இருந்தால் அச்சம் ஏன் வருகிறது? செபமாலையைக் கையிலெடு, எல்லாம் சரியாகும்” என்று கடிந்துகொண்டேன். அவன் தலை கவிழ்ந்திருந்தான். செபமாலை சொல்லாமலில்லை, நள்ளிரவில் திண்ணையில் அமர்ந்து அதை உருட்டிக்கொண்டுதான் இருந்தான். அச்சத்தோடு வெட்கத்தையும் சேர்த்து அவன் தலையில் ஏற்றியவள் நான்.

ஒரு நாள் விடியற்காலை அவன் சொன்னான்: “அக்கா, ஒரு நாள் கண் விழிக்காமலே போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி.” அன்றே விடுப்பு எடுத்துக்கொண்டு, அவனை மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் அவனுடைய தொழிலைக் கேட்டறிந்து, அந்த மொழியிலேயே பேசினார். “உங்கள் தொழிற்சாலையில் காவற்காரர் இருப்பார் அல்லவா? மூளையிலும் ஒருவர் இருக்கிறார். பாதாம் பருப்பு வடிவிலான அமிக்டலா என்னும் சிறு பகுதி அது. ஆபத்து என்று கண்டால் மணி அடிக்கும். உடனே சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் பாயும். நெஞ்சு படபடக்கும், கைகால் ஓடத் தயாராகும். பின்னால் கார்ட்டிசால் வந்து அந்த விழிப்பை நீட்டிக்கும். ஆபத்து நீங்கியதும் மணி நிற்க வேண்டும். உங்கள் காவற்காரர் பெரும் தீயைக் கண்டுவிட்டார். தீக்குச்சி கிழித்தாலும் இப்போது மணி அடிக்கிறார். இது கோழைத்தனம் அன்று தம்பி, நோய்.”

‘நோய்’ என்ற சொல்லைக் கேட்டு ஒருவன் ஆறுதல் அடைந்ததை நான் அன்றுதான் கண்டேன். பல மாதங்களுக்குப் பின் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதன் பின்னர் இதுபற்றிச் சிறிது படித்தேன். நரம்புகள் இரசாயனப் பொருள்களின் வழியாகச் செய்தி அனுப்புகின்றன என்பதை 1921இல் மெய்ப்பித்தவர், ஆஸ்திரியாவில் பணியாற்றிய ஓட்டோ லோவி என்னும் அறிஞர். பாஸ்காத் திருநாளுக்கு முந்திய இரவில் அச்சோதனை தமக்குக் கனவில் தோன்றியது என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். துண்டுத்தாளில் கிறுக்கிவைத்ததைக் காலையில் படிக்க முடியவில்லையாம். மறுநாள் இரவும் அதே எண்ணம் வரவே, நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். ஒரு தவளையின் இதயத்தை வேகஸ் நரம்பின் வழியாக மெதுவாகத் துடிக்கச் செய்து, அதைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து மற்றோர் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது! அமைதிக்கான செய்தி அந்நீரில் கரைந்திருந்தது. 1936இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. செரட்டோனின் குறைந்தால் துயரம், டோப்பமின் கூடினால் மகிழ்ச்சி என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பட்டாசுக்கு மருந்து நிறுப்பது போல் மனத்தை நிறுத்துவிட முடியாது. செரட்டோனினில் பெரும்பங்கு மூளையில் அன்று, குடலிலேதான் இருக்கிறது. அது குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. எனினும் மருத்துவர் தரும் மாத்திரைகள் பலருக்குப் பயன் தருகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாமாகத் திடீரென நிறுத்துதல் கூடாது. என் தம்பிக்கு மாத்திரையோடு பேச்சுவழிச் சிகிச்சையும் தந்தனர். அஞ்சும் ஓசைகளைச் சிறிது சிறிதாக, துணையோடு எதிர்கொள்ளப் பழக்கினர்.

வீட்டில் நாங்கள் கைக்கொண்டவை எளியவை. விடிந்ததும் கண்மாய்க்கரை ஓரமாக அரை மணி நேரம் நடப்போம். நடை மனச்சோர்வைக் குறைக்கும். காலை வெயில் உறக்கத்தின் நேரத்தைச் சீர்செய்யும். படபடப்பு வரும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிடுவான். லோவி கண்ட அதே வேகஸ் நரம்புதான் அப்போது நெஞ்சின் துடிப்பைத் தணிக்கிறது. மாலைத் தேநீரை நிறுத்தினோம். அதன் காபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழிந்தும் உடலில் தங்கியிருக்கும். மதுவை விடுவதுதான் கடினமாயிற்று. அது கண்ணை மூடவைக்குமே தவிர நல்ல உறக்கத்தைத் தராது. மறுநாள் அச்சத்தை இரட்டிப்பாக்கும். குடிப்பழக்கம் முற்றியவர்கள் அதனையும் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிது, கேட்பதற்கு ஓர் ஆள். நான் அறிவுரை கூறுவதை நிறுத்திவிட்டு அவன் பேசக் கேட்டேன். அவன் அன்று கண்டதை முழுவதும் சொல்லி முடிக்க ஓராண்டு ஆயிற்று.

அந்நாள்களில் இறைவாக்கினர் எலியாவின் வரலாற்றைப் புதிய கண்ணோடு வாசித்தேன். பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாவை வேண்டினார் அந்தப் பெருமனிதர். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவுமில்லை. அப்பமும் நீரும் தந்து, உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். மலைக்குச் செல்லும் வழி அதன் பின்னரே வந்தது. வானதூதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமற்போயிற்றே!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியின் கவலைகள் யாவும் மூளையில் பிறப்பன அல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின் தொழிற்சாலைகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. 2020இல் ஊரடங்கு வந்தது. செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு, கதவு மூடிய நாள் பட்டினி நாள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சை இழுத்துவிடு என்பது ஆறுதலாகாது; அரிசிதான் ஆறுதல். பட்டாசு அறையில் நால்வருக்கு மேல் கூடலாகாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்னும் விதிகளைக் காப்பதும் மனநல மருத்துவமே. அச்சத்துக்குக் காரணம் இருக்கும்வரை அச்சத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் இரு வாரங்களுக்கு மேல் உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, எதிலும் பற்றின்றி இருந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். “வாழ்ந்து என்ன பயன்” என்ற சொல் காதில் விழுந்தால் அன்றே செயற்படுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

என் தம்பி இன்றும் போர்மேன்தான். சென்ற திருவிழாவில் வாணவேடிக்கை முடியும்வரை என் அருகில் நின்றான். முதல் வெடிக்கு அவன் கை என் கையைப் பற்றியது. “பயமாயிருக்கிறதா தம்பி?” என்றேன். “இருக்கிறது அக்கா. இருந்துவிட்டுப் போகட்டும்” என்றான்.