தம்பி திருமணத்தில் வைக்காத மேசை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டாலே நம் வட்டாரத்தில் திருமண அழைப்பிதழ்கள் குவிந்துவிடும். ஜெராம், சுங்கை செம்பிலாங், புக்கிட் ரோத்தான், ஈஜோக் என்று சனிக்கிழமை மாலைதோறும் எங்கேனும் ஒரு மண்டபத்தில் விருந்துபசரிப்பு நடக்கும். சென்ற ஆண்டு அந்த வரிசையில் எங்கள் வீட்டு விருந்தும் ஒன்று. என் தம்பிக்குத் திருமணம். வீட்டில் மூத்தவள், அதிலும் ஆசிரியை என்பதால், உணவுக்கும் பானத்துக்கும் நானே பொறுப்பு என்று அப்பா சொல்லிவிட்டார்.

உணவுக் கணக்கு எனக்குச் சிரமமாக இல்லை. விருந்தினர் 400 பேர். பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்றால் 40 கிலோ. ஒருவருக்கு இரண்டு குவளை, ஒரு குவளைக்குக் கால் லிட்டர் என்றால் 200 லிட்டர் பானம். நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் கணக்குதான்!

சமையல்காரரிடம் இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். உணவைக் கையாளுவோர் உரிய பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறை. அதற்கான சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடுத்தது நேரம். சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டாலும் நம்மவர்கள் வந்து அமர எட்டரை ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? பிற்பகல் மூன்று மணிக்கே சமைத்து இறக்கிவிடுகிறேன் என்றவரை, ஆறு மணிக்கு முன் எதையும் இறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

சிரமம் பானத்தில்தான் வந்தது. பியர் மேசை வேண்டுமா, வேண்டாமா?

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு வேறொரு விருந்துக்குச் சென்றிருந்தேன். மண்டபத்தின் பின்புறம் என் மாணவன் ஒருவன், பத்து வயதுச் சிறுவன், இரண்டு கைகளிலும் பியர் போத்தல்களோடு வந்தான். என்னைக் கண்டதும் போத்தல்களைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பி, "வணக்கம், டீச்சர்!" என்றான். பிறகு அவற்றை எடுத்துக்கொண்டு மாமாக்களின் மேசைக்கு ஓடினான். அவன்மீது என்ன தவறு? பெரியவர்கள் சொன்னதைச் செய்தான். 21 வயது நிரம்பாதோருக்கு மதுபானம் விற்கக்கூடாது என்பது 2017 டிசம்பர் முதல் நம் நாட்டுச் சட்டம். கடைக்காரர் விற்கக்கூடாத பொருளைப் பிள்ளையின் கையில் நாமே கொடுத்துவிடுகிறோம்.

வீட்டில் பேச்சை எடுத்தேன். "தண்ணி வைக்கலன்னா சனம் மதிக்குமாம்மா?" என்றார் அப்பா. தாய்மாமன் இன்னும் சூடாகப் பேசினார். "எங்க அக்கா மகன் கல்யாணத்துல சிராப்புத் தண்ணியா ஊத்துவீங்க?"

நம் முன்னோர் இதைக் கௌரவமாகக் கருதவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் கிள்ளான் மாவட்டத்துத் தோட்டங்களில் 1941-இல் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடும் பிள்ளைகளின் கல்வியோடும் சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. கூலி குறைந்திருந்த காலத்திலேயே அவர்களுக்கு அந்தத் தெளிவு இருந்தது. மாமா கேட்டபாடில்லை. "பள்ளிக்கூடத்துல சொல்லு" என்று எழுந்து போனார்.

அப்பாவின் மனத்தை மாற்றியது என் வரலாற்றுப் பாடம் அன்று. செம்பனைத் தோட்டத்தில் அவரோடு முப்பது ஆண்டுகள் வேலை செய்த மலாய் நண்பர் ஒருவர் கம்பத்தில் இருக்கிறார். தீபாவளிக்குத் தவறாமல் வீட்டுக்கு வருவார். ஆனால் என் திருமண விருந்தில், வாசலிலேயே அன்பளிப்பு உறையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் திரும்பிவிட்டார். உள்ளே மதுபானம் இருந்தது. அதை நினைவூட்டினேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வேணாம்மா. இந்தத் தடவை அவன் உட்கார்ந்து சாப்பிடட்டும்" என்றார்.

கோழியை ஹலால் கடையில் வாங்கினோம். சைவ உணவுக்குத் தனி மேசை போட்டோம். பானமாகச் சிராப்பு, எலுமிச்சைச் சாறு, மோர். பியருக்கென ஒதுக்கியிருந்த 3,000 வெள்ளி தம்பியின் வீட்டு முன்பணத்தில் சேர்ந்தது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால், சில இளைஞர்கள் ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டார்கள். மாலை போட்ட கையோடு மாமாவும் கிளம்பிவிட்டார். இன்றுவரை எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அம்மா அதைச் சொல்லிக் கலங்கும்போதெல்லாம் எனக்கும் மனம் கனக்கிறது. நாம் சரியென்று நினைத்துச் செய்வதற்கும் ஒரு விலை உண்டு போலும்.

ஆயினும், அப்பாவும் அவருடைய நண்பரும் பத்தரை மணிவரை ஒரே மேசையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என் மாணவனும் குடும்பத்தோடு வந்திருந்தான். சிராப்புக் குடுவையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய் ஊற்றினான். இம்முறை என்னைக் கண்டதும் அவன் எதையும் கீழே வைக்கவில்லை. குடுவையோடு நின்று சிரித்தான்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு விருந்தில் என்ன பரிமாறுவது என்பது உங்கள் முடிவு. மது இருந்தே தீரும் என்றால், அந்த மேசைக்குப் பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள். இதைக்கூடவா நம்மால் செய்ய இயலாது?