சரிகைக்கு ஒரு கணக்கு, முகத்துக்கு ஒரு கணக்கு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள் கோவில் போகும் சாலையில் போட்டோ ஸ்டுடியோக்களுக்குப் பஞ்சமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012இல் டெய்ம்லரின் லாரி ஆலை என்று வரிசையாக வந்தன. ஆலைக்கு ஆள் எடுத்த ஒவ்வொரு தடவையும் விண்ணப்பத்தில் ஒட்ட, அடையாள அட்டையில் பதிக்க, வங்கிக் கணக்குத் தொடங்கப் படம் வேண்டியிருந்தது. அப்படி வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்குச் சில வருஷங்களில் கல்யாணம் நடந்தது. ஸ்டுடியோக்களின் பிழைப்பும் பாஸ்போர்ட் சைஸிலிருந்து ஆல்பத்துக்கு நகர்ந்தது.

நான் போய் உட்கார்ந்த ஸ்டுடியோ ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. முன்னறையில் நீலத் திரை, குடை விளக்குகள், தலைவாரிக்கொள்ள ஒரு கண்ணாடி, பவுடர் டப்பா. பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர். உரிமையாளருக்கு அறுபதை ஒட்டிய வயது. எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. ஆல்பம் டிசைனர்கள் இருவர்: முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், அவரிடம் வேலை பழகும் ஓர் இளைஞர். இருட்டில் எடுத்த படங்களில் புள்ளி புள்ளியாகப் பரவும் நாய்ஸை எடுப்பதையும், மங்கலை ஷார்ப் செய்வதையும், இரண்டையும் படம் முழுக்க ஏற்றாமல் மாஸ்க் போட்டு வேண்டிய இடத்தில் மட்டும் செய்வதையும் பார்க்கத்தான் போயிருந்தேன்.

திரையில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சிப் படம். மேடையில் மணமக்கள், இருபுறமும் ஊதா நிற எல்இடி விளக்குகள்.

“ஐஎஸ்ஓ 6400ல எடுத்திருக்காங்க சார். பிளாஷ் அடிச்சா மேடை டெக்கரேஷன் செத்துடும்னு அடிக்கல. அதான் இப்படிப் பொரிஞ்சு கெடக்கு” என்றார் அந்த அக்கா.

பொரிந்து கிடப்பதற்குக் காரணம் ஒளியின் இயல்பு. முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்துவிட்டுத் தூறலில் ஒரு நிமிஷம் காத்திருந்தால், ஒன்றில் ஐந்து துளி விழுந்திருக்கும், பக்கத்தில் எட்டு, அதற்கடுத்ததில் மூன்று. அடைமழையில் எல்லாக் கிண்ணங்களும் ஏறக்குறைய ஒரே அளவு நிறையும். கேமரா சென்சாரின் பிக்சல்களில் ஒளித்துகள்கள் விழுவதும் இப்படித்தான். ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும், அதாவது நூற்றில் ஒன்று. 100 துகள்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10, நூற்றில் பத்து. ஐஎஸ்ஓ 100க்குப் பதில் 6400 வைத்து எடுக்கும்போது சென்சாருக்குக் கிடைப்பது 64இல் ஒரு பங்கு ஒளி. தெளிவு அதன் வர்க்கமூலப்படி, எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டுவதால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டும்போது அதன் ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருகுகிறது.

ஊதா விளக்கு இன்னொரு சிக்கல். சென்சாரில் பாதிப் பிக்சல்கள் பச்சை ஒளியை வாங்குபவை. சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் கால் பங்கு. ஊதா வெளிச்சத்தில் பச்சை மிகக் குறைவு என்பதால் பாதிச் சென்சார் ஏறக்குறையப் பட்டினி. கன்னத்தில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுகள் தெரிவது அதனால்தான்.

“இப்போ பாருங்க” என்று அக்கா நாய்ஸ் நீக்கும் கோலை வலதுபக்கம் நெடுக இழுத்தார். புள்ளிகள் மறைந்தன. திரைச்சீலை வழவழப்பானது, கன்னம் சுத்தமானது. கூடவே மணப்பெண்ணின் காஞ்சிபுரம் பட்டில் சரிகை வேலைப்பாடும் கரைந்து, மஞ்சள் பட்டையாகத் தேங்கியது. மருதாணியின் சன்னக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

“புடவைக் காசு போச்சா? அதே புடவைக்காக ஷார்ப்பை ஏத்தினா மூஞ்சில இருக்கற நாய்ஸ் எல்லாம் கூர்மையாகி நிக்கும். சரிகைக்கு ஒரு கணக்கு, முகத்துக்கு ஒரு கணக்கு சார். ரெண்டையும் ஒரே கோல்ல நகர்த்த முடியாது.”

அவருடைய முறை இது. கேமரா பதித்த ஒரே மூல ஃபைலிலிருந்து (ரா) இரண்டு படங்கள் எடுக்கிறார். ஒன்றில் நிறத் திட்டுகளை மட்டும் நீக்கி, மற்றதை அப்படியே விட்டுவிடுகிறார். இன்னொன்றில் நாய்ஸ் முழுக்கச் சுத்தம். போட்டோஷாப்பில் முதலாவது கீழ் லேயர், இரண்டாவது மேல் லேயர். மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டால் அது முழுதும் மறைந்துவிடும். மாஸ்கில் வெள்ளைப் பிரஷ் படும் இடங்களில் மட்டும் சுத்தமான படம் வெளியே வரும். திரைச்சீலை, மேடையின் பின்சுவர், மாப்பிள்ளை கோட்டின் நிழற்பக்கம் ஆகியவற்றில் தாராளமாகப் பூசுகிறார். கன்னத்துக்கும் நெற்றிக்கும் பிரஷ்ஷின் ஓட்டத்தை 20, 30 சதவீதத்துக்கு இறக்கிக்கொள்கிறார். கண், புருவம், உதடு, நகை, புடவை, மருதாணி பக்கம் பிரஷ் போவதே இல்லை.

சுத்தம் முடிந்த பிறகே ஷார்ப். வரிசை மாறினால் கூர்மையான புள்ளிகளை ஓரம் என்று நினைத்து நாய்ஸ் நீக்கும் கருவி விட்டுவைத்துவிடும். இதற்கும் தனி லேயர், தனிக் கறுப்பு மாஸ்க். இந்த முறை வெள்ளை படுவது சரிகை, இமைமயிர், தாலிக்கொடி, மாலையின் சம்பங்கி. லைட்ரூம் மென்பொருளில் மாஸ்கிங் கோலை ஆல்ட் விசையோடு சேர்த்து இழுத்தால் படம் கறுப்பு வெள்ளையாகி, எந்தெந்த ஓரங்கள் கூர்மையாகப் போகின்றன என்று காட்டும். அவசர வேலைக்கு அது போதும் என்றார். மேடைப் படங்களுக்குக் கையால் பூசுவதுதான்.

கஷ்டமான இடம் கூந்தல் ஓரம். கறுத்த முடி, அதில் மல்லிகைச் சரம், பின்னால் இருட்டுத் திரை. பிரஷ் ஒரு நூல் உள்ளே வந்தால் முடியிழைகள் கரையும். வெளியே நின்றுவிட்டால் தலையைச் சுற்றி நாய்ஸ் ஒரு வளையமாகத் தெரியும். இளைஞர் படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வோர் இழையாகத் துருவிக்கொண்டிருந்தார். “டேய், 50ல வெச்சுப் பாருடா. வாங்கறவங்க கண்ணை ஆல்பத்துல ஒட்டியா பாக்கப் போறாங்க?” என்று அக்காவிடமிருந்து அதட்டல் வந்தது. 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் ஒன்றுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,600க்கு 10,800 பிக்சல்கள். ஆறாயிரம் பிக்சல் அகலமுள்ள படத்தை அதில் ஒரு மூலையில் சிறிதாக வைத்தால் பாதி நாய்ஸ் சுருங்கும்போதே அடங்கிவிடும். ஷீட் முழுக்க விரிகிற படத்துக்குத்தான் இத்தனை பாடு.

டீ வந்தபோது அண்ணா தன் காலத்தைச் சொன்னார். சிறுவயதில் காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் கற்றவர். சாய்வான மேசையில் கண்ணாடி, அதன்மேல் நெகட்டிவ், கீழிருந்து வெளிச்சம். ஊசிபோல் தீட்டிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே வேலை. முகத்தில் கறுப்பாக இருக்கும் அம்மைத் தழும்பு நெகட்டிவில் வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பைப் பென்சில் பொட்டுகளால் நிரப்பினால் பிரிண்டில் தழும்பு மங்கும். “அழிக்க ரப்பர் கெடையாது. ஒருதடவை அழுத்திட்டா அழுத்தினதுதான். அதனாலேயே கை நிதானமா இருக்கும்” என்றார்.

ஷார்ப் செய்வதற்கும் இருட்டறை வழி ஒன்று உண்டு. நெகட்டிவிலிருந்து சற்றே மங்கலான பாசிட்டிவ் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பிரிண்ட் போட்டால், மங்கலான பெரும் பகுதிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, நுணுக்கங்கள் மட்டும் எழுந்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் 1970களில் இந்த முறையால் விண்மீன் மண்டலங்களின் படங்களில் மறைந்திருந்த அமைப்புகளை வெளிக்கொண்டுவந்தார். 1990இல் வெளிவந்த போட்டோஷாப் இதே கழித்தலைக் கணக்காகச் செய்கிறது.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது ஆலை வழியாகத்தான். செல்போன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை. விளக்கடியில் உறையைத் திருப்பித் திருப்பிக் கீறல் தேடும் வேலை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது சுற்றியிருந்த சிறு கம்பெனிகளிலும் ஆட்குறைப்பு நடந்தது. வெளியே வந்தவர் போட்டோஷாப் வகுப்பில் சேர்ந்தார். “அங்க கீறல் இருந்தா ரிஜெக்ட். இங்க அந்தக் கீறல் யாருதுன்னு பாக்கணும்” என்றார்.

அதற்கு உதாரணமும் காட்டினார். ஒரு மாப்பிள்ளையின் புறங்கையில் பழைய தீக்காய வடு. வேலை பழகும் இளைஞர் தோலோடு சேர்த்து அதையும் மென்மையாக்கியிருந்தார். அக்கா மாஸ்கில் அந்த இடத்தை மறுபடி கறுப்பாக்கி வடுவைத் திரும்ப வரவைத்தார். மறுநாள் போனால் மறைந்துவிடும் பரு என்றால் எடுக்கலாம். ஆளோடு இருக்கும் மச்சத்தையும் வடுவையும் அவர்களே கேட்காமல் தொடக் கூடாது என்பது இந்தக் கடையின் சட்டம். ‘கொஞ்சம் கலரா பண்ணிடுங்க’ என்று கேட்காத வீடு குறைவு. விளக்கின் ஊதாவை எடுத்து அசல் நிறத்தைக் கொண்டுவருவது வரை சம்மதம். அதற்கு மேல் வெளுக்கச் சொன்னால் அண்ணாவே பேசிக்கொள்வாராம். பாஸ்போர்ட்டுக்கான படத்தில் பேச்சுக்கே இடமில்லை. அதில் கம்ப்யூட்டர் திருத்தம் கூடாது.

இவ்வளவையும் இப்போது மென்பொருளே செய்ய முன்வருகிறது. லைட்ரூம் 2021இல் ஒரே சொடுக்கில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் மாஸ்கையும், 2023 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் நாய்ஸ் நீக்கியையும் கொண்டுவந்தது. கடையிலும் இரண்டும் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் படம் ஒன்றுக்கு நிமிஷக்கணக்கில் ஆவதால், முக்கியமான படங்களுக்கு மட்டும். போன் இன்னும் வேகம். இந்த வட்டாரத்து ஆலையில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. இருட்டில் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதும், முகம் எது, வானம் எது என்று பிரித்து ஒவ்வொன்றையும் வேறு விதமாகத் துடைப்பதும் அதன் சிப்புக்குள்ளேயே நடந்துவிடுகிறது. “என் போன்ல எடுத்ததே இதைவிடச் சுத்தமா இருக்கே” என்று ஆல்பம் வாங்க வருபவர்கள் போனை நீட்டுகிறார்களாம்.

சுத்தம்தான். ஆனால் எதைச் சுத்தம் செய்யலாம் என்பதை யார் முடிவு செய்தது? கருவியின் கணக்கு எளிது: நடுவில் பெரிதாக நிற்பவர் ஆள், மற்றது பின்னணி. பின்னணியில் சிறியதாக, இருட்டாகத் தெரியும் முகத்தில் தகவல் குறைவு என்பதால், கருவி அதை ஒன்று வழித்துவிடுகிறது, இல்லாவிட்டால் தானாக ஊகித்து வேறொரு மூக்கையும் கண்ணையும் வரைந்துவிடுகிறது.

இந்தப் பக்கத்தில் இப்படி யோசிக்கும்போது 1991 மே 21 நினைவுக்கு வராமல் இராது. ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அந்த இரவில், குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவிலிருந்த பிலிம் சேதமாகாமல் கிடைத்தது. குண்டைக் கட்டிக்கொண்டு மாலையோடு காத்திருந்த பெண்ணும், வெள்ளை ஜிப்பாவில் கையில் குறிப்பேட்டோடு நின்ற அவளுடைய கூட்டாளியும் அதில் பதிவாகியிருந்தார்கள். புலனாய்வு அந்தப் படங்களைப் பிடித்துக்கொண்டுதான் முன்னேறியது. தலைவரை எதிர்பார்த்துத் திரண்ட கூட்டத்தில் அவர்கள் இருவரும் வெறும் பின்னணி. முக்கியமில்லாதவர் என்று படம் எடுக்கும் கணத்தில் யாரையும் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இந்த வட்டாரத்தில் இல்லை.

அக்கா கடைசியாகத் திறந்த படத்தைப் பார்த்தபோது, அவருடைய வேலையில் இது எங்கே வருகிறது என்று புரிந்தது. இரவு ஷிப்ட் விட்டு மண்டபத்துக்கு ஓடிவந்த மாப்பிள்ளையின் கூட்டாளிகள். சிலர் கம்பெனிச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்கள். மேடை கொள்ளாமல் பின்வரிசையில் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். அங்கே விளக்கு எட்டவில்லை, ஆகவே நாய்ஸ் அதிகம். ஒரே சொடுக்கு மாஸ்க் மணமக்களை மட்டும் சரியாக வெட்டி எடுத்துக்கொண்டு, அவர்களைத் திரைச்சீலையோடு சேர்த்து வழித்திருந்தது.

அவர் அந்த மாஸ்கைத் தூக்கிவிட்டு, பின்வரிசையில் இடமிருந்து வலமாக முகம் முகமாக வந்தார். கன்னங்களில் லேசாகச் சுத்தம், கண்களில் லேசாக ஷார்ப்; புள்ளிகள் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டார். பாதி தெரிந்த ஒரு முகத்துக்குக்கூடப் பிரஷ் இரண்டு முறை போய்வந்தது. ஷீட் கணக்கில்தான் கூலி; அதில் இரண்டு முகம் இருந்தாலும் இருபது முகம் இருந்தாலும் ஒரே தொகை.

“பின்னாடி நிக்கறவங்கதானே, இவ்வளவு பார்க்கணுமா?” என்று கேட்டேன்.

“பொண்ணு மாப்பிள்ளைக்கு எத்தனையோ படம் இருக்கு சார். இவங்களுக்கு இந்த ஆல்பத்துல இது ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த முகத்துக்குப் போனார்.