கேட்காத குரு

புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது, நான் சரளி வரிசைகளைத் தாண்டியிருக்கவில்லை. அதன்பின் யூடியூப்பே என் குருகுலம். 1986இல் மறைந்த குழல் மேதை மாலியின் வாசிப்பைப் பாதி வேகத்தில் கேட்டேன். வேகம் குறைந்தாலும் சுருதி மாறுவதில்லை. கமகத்தின் ஒவ்வோர் அசைவும் தனித்தனியே புலப்பட்டது. விடுதி மொட்டை மாடியில் ஆறு மாதம் ஊதி, 'கலை கைவந்துவிட்டது' என்று பூரித்தேன்.

ஒருநாள் நண்பனின் கைப்பேசியில் தம்பூராச் செயலியை ஒலிக்கவிட்டு, என் வாசிப்பைப் பதிவு செய்து கேட்டேன். அந்தோ! மேல் ஸ்தாயியில் சுருதி ஏறிக் கிடந்தது. உரத்து ஊதினால் சுருதி ஏறும் என்பது இயற்பியல் மாணவனான எனக்கே உறைக்கவில்லை!

இணையம் ஆயிரம் பாடம் சொல்லும்; என் அபஸ்வரத்தை அது கேட்காது. கேட்க வேண்டியவன் நானே. இன்று அரை மணி ஊதுகிறேன். ஊதியதை அரை மணி கேட்கிறேன்.