ராயக்கோட்டையில் ஒரு தவளை வைத்தியம்

சேலத்திலிருந்து பெங்களூர் போகும் ரயில் தருமபுரி, பாலக்கோடு தாண்டியதும் காற்று கொஞ்சம் மாறும். ஜன்னலோரம் தக்காளித் தோட்டம், பாறைக் குன்று, மறுபடி தக்காளி. தூரத்தில் மொட்டையாக ஒரு மலை தெரிந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். ராயக்கோட்டை வந்தாச்சு!

நான் போனது கோட்டை பார்க்க அல்ல. ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் காலேஜ் நண்பன் முந்தின ராத்திரி போன் செய்தான். "டேய், தவளைக்கு உடம்பு சரியில்லைடா. பத்திரிகையில எல்லாத்தைப் பத்தியும் எழுதறியே, உடனே கிளம்பி வா!"

நான் பி.காம். வரவு, செலவு தெரியும்; வாதம், பித்தம் தெரியாது. ஆனாலும் போனேன்.

பையனுக்காக மீன் கடையில் வாங்கிய இரண்டு ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகள். முழுசாக வளர்ந்தாலே ஒன்றரை அங்குலம்தான். வாழ்வதெல்லாம் தண்ணீரில், மூச்சு விட மட்டும் மேலே வரும். நாக்கு கிடையாது. "வீட்டுல இருக்க இதைவிட வேற என்ன தகுதி வேணும்?" என்றான் நண்பன், சமையலறைப் பக்கம் பார்த்தபடி. அன்றைக்குக் காபி வர அரை மணி லேட்!

ஒன்று பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. இன்னொன்றுக்குத் தொடையெல்லாம் சிவப்பு. விசாரித்ததில், வீட்டுக்காரர் மாடித் தொட்டியில் தாராளமாக பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார். நம்ம ஆள் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றியிருக்கிறான். விடிவதற்குள் உப்பியது செத்துப்போனது. பையன் அழவில்லை. பேசவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மிச்சமிருந்ததை, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்துக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறினோம். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைக்காக ஆரம்பித்த மத்திகிரிக் கால்நடைப் பண்ணை இருக்கிற ஊர். அங்கே இருந்த ஒரு கால்நடை டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "மாடு எங்கே?" என்றார். அப்புறம்தான் கண்ணாடியை மாட்டினார்.

"தவளை வாயால தண்ணி குடிக்காது சார், தோலாலதான் உறிஞ்சும். தண்ணியில என்ன இருக்கோ அதெல்லாம் உள்ளே போயிடும். தோல் புண்ணானா பாக்டீரியாவுக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. மீனுக்குப் போடற மருந்தைக் குத்துமதிப்பா ஊத்திடாதீங்க, அதுவே கொன்னுடும். எடை என்ன?"

எதிரே நகைக்கடை. பையன் டப்பாவை நீட்ட, கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடை போட்டார். இரண்டே முக்கால் கிராம்! "அரைப் பவுன்கூடத் தேறலியே தம்பி" என்றார். அந்தக் கணக்குக்கு டாக்டர் மருந்துச் சொட்டுகளைக் குறித்துக் கொடுத்தார். கூடவே, பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், மிச்சத் தீனியை உடனே எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு கட்டளை.

அடுத்த மாதம் போனபோது சிவப்பு மறைந்து, தவளை ஜோராக நீந்திக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் மூவரும் மலை ஏறினோம். 1791-ல் கார்ன்வாலிஸ் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை. அடுத்த வருஷ உடன்படிக்கையில் பாராமகாலே கம்பெனி கைக்குப் போனது. இப்போது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இடிந்த சுவர், காற்று, சுனை.

சுனையருகே பையன் சட்டைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தான். "தனியா இருக்கு மாமா. இங்கே விட்டா ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்க."

மூடி பாதி திறந்துவிட்டது. பாய்ந்து கையைப் பிடித்தேன்.

விஷயம் இதுதான். தவளைத் தோலைத் தின்னும் கைட்ரிட் என்ற பூஞ்சை உலகத்தையே சுற்றி வருகிறது. 2019-ல் வெளியான ஆய்வுக் கணக்குப்படி, தவளை இனத்து உயிரினங்களில் குறைந்தது 501 வகைகள் அதனால் குறைந்துவிட்டன. 90 வகைகள் அழிந்தே போயிருக்கலாம். வளர்ப்புத் தவளை வியாபாரமும் அதைப் பரப்பும் ஒரு வழி. நோய் வெளியே தெரியாத தவளையும் அதைச் சுமக்கலாம்.

"இதுக்கு உடம்பு சரியாயிடுச்சே?" என்றான்.

"நமக்குத் தெரியாம ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா? இந்தச் சுனைத் தவளைங்களை யாருடா ஓசூர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது?"

கொஞ்ச நேரம் சுனையையே பார்த்தான். பிறகு அவனே மூடியை அழுத்தி மூடினான்.

கோட்டையைப் பிடிக்கக் கம்பெனிக்காரனுக்கு பீரங்கி வேண்டியிருந்தது. சுனையைக் காலி பண்ண ஒரு டப்பாத் தண்ணீரே போதும்.

இப்போது நண்பன் வீட்டில், தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீரை பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்துவிட்டுத்தான் கொட்டுகிறார்கள். ஒரு தவளையைக் கொன்ற அதே பவுடர், மற்றதுகளைக் காக்கிறது. அளவு போடும் பொறுப்பு பையனுக்கு. வீட்டுக்காரருக்கு அல்ல!