அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம்

ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்பது, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவரைக் கல்யாண ரிசப்ஷனில் வாழ்த்திப் பேசக் கூப்பிடுவது மாதிரி. உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைக்கும். சாதாரண ஸ்பீக்கர் 'டம் டம்'மைக் கொஞ்சம் கூட்டி நம்மைக் குஷிப்படுத்தும். இதற்கு அந்த நாசூக்கு கிடையாது. எங்கோ சுட்ட எம்பி3-யைப் போட்டால் கேட்கிறவனுக்கே கூச்சமாக இருக்கும்.

நான் வாங்கியது யமஹா எச்.எஸ்.5. 'ஆக்டிவ்' என்றால் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். 5 அங்குல வூஃபருக்கு 45 வாட்ஸ், ட்வீட்டருக்கு 25 வாட்ஸ். ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு! (இரண்டு பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது நல்லது. ஆளுக்கொரு சுவரில் செருகினால் சில வீடுகளில் 'ம்ம்ம்' என்று உறுமும்.)

இதன் வெள்ளை வூஃபருக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1978-ல் யமஹா என்.எஸ்.10 என்று ஒன்று வந்தது. வீட்டில் பாட்டுக் கேட்கத்தான் செய்தார்கள், வீட்டுக்காரர்கள் சீந்தவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய், ட்வீட்டர் ரொம்பக் கத்துகிறதென்று அதன்மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டி வேலை பார்த்தார்கள். 2001-ல் தயாரிப்பு நின்றுபோனது.

இரண்டு பெட்டியும் நாமும் சமபக்க முக்கோணமாக உட்கார வேண்டும். ட்வீட்டர் காது மட்டத்தில். சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப்போகும். பின்னால் உள்ள ஸ்விட்சில் கொஞ்சம் குறைக்கலாம். முக்கோணத்தின் மூன்றாவது முனையில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அதைப் பிடித்தவர் அப்பா. வயது 76.

பாட்டு நின்றதும் ட்வீட்டரிலிருந்து மெல்லிசாக 'ஸ்ஸ்ஸ்' என்று வரும். கிட்டத்தில் உட்கார்ந்து கேட்கிற ஆக்டிவ் பெட்டிகளில் இது சகஜம். "இந்த இரைச்சல் ஒண்ணுதான்ப்பா குறை" என்றேன்.

"எந்த இரைச்சல்டா?"

செல்போனில் டெஸ்ட் டோன் எடுத்து ஸ்பீக்கரில் விட்டேன். விளையாட்டாகத்தான். 10,000 ஹெர்ட்ஸ். பையன் காதைப் பொத்திக்கொண்டான். அப்பா, "ம், போடு" என்றார். 8,000. "போட்டியா?" 6,000. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். 3,000-ல்தான், "ஆங்... விசில்!" என்று சிரித்தார்.

வயதானால் மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். ச, ஸ, ஃப போன்ற எழுத்துகளின் கூர்மையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 'சாப்பிட்டீங்களா மாமா' என்பது 'ஆப்பிட்டீங்களா'வாகப் போய்ச் சேரும். "காது நல்லாத்தான் கேக்குது. நீங்கள்லாம் முணுமுணுக்கறீங்க" என்று அவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அட்சரசுத்தமான உண்மை. டி.வி. வால்யூம் 40-ல் அலறுவதைப் பற்றி என் மனைவி அன்றிலிருந்து பேச்செடுப்பதில்லை.

டி.வி.யை மானிட்டரில் இணைத்து, 'ஹை ட்ரிம்' ஸ்விட்சைப் பிளஸ் 2-ல் வைத்தேன். பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் மத்தியான நியூஸை முன்னால் சாய்ந்து கேட்கிறார். எனக்கு நாற்காலி கிடைப்பது ராத்திரி பத்துக்கு மேல்தான்.

செவ்வாய்க்கிழமை ஈ.என்.டி. டாக்டரிடம் டோக்கன் வாங்கியிருக்கிறேன். மெஷின் என்றால் வரமாட்டார். "சின்னதா ஒரு ஸ்பீக்கர் பாக்கப் போறோம்ப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஆக்டிவ்வா?" என்று கேட்டார்.