ஊதியமும் பொழுதும்

உழைப்புக்கேற்ற ஊதியம் கிடைக்காத பணியில் நீடிப்பதா, விலகுவதா என்னும் வினா பலர் வாழ்விலும் எழுகிறது. ஊதியத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு அதற்கு விடை காண இயலாது என்பதற்குக் கணித மேதை இராமானுஜனின் வாழ்வு சான்றாகும்.

காவிரி பாயும் கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தை சீனிவாசர் ஜவுளிக்கடைக் கணக்கர். மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்து பிற பாடங்களில் தேறாமையால் இராமானுஜனின் கல்லூரிப் படிப்பு முற்றுப்பெறவில்லை. 1909ஆம் ஆண்டு திருமணமும் நடந்தது. பட்டமின்றி வேலை தேடி அலைந்த அவருக்கு, நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து உதவினார். அதற்காகப் பணி எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆயினும், நெடுநாள் பிறருக்குச் சுமையாயிருக்க இராமானுஜனின் மனம் ஒப்பவில்லை. 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னையிலிருந்த அரசுக் கணக்கு அலுவலகமொன்றில் 20 ரூபாய்க்குத் தற்காலிகமாகப் பணியாற்றினார். உதவியாக வந்த 25 ரூபாயினும் உழைத்து ஈட்டிய 20 ரூபாய் அவருக்குப் பெரிதாயிற்று.

அவ்வாண்டு மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அவருடைய அறிவாற்றலுக்கு அது ஈடன்று. எனினும், அங்கே அவரை அறிந்தோர் இருந்தனர். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதத்தில் வல்லவர். மாலை வேளைகளில் இருவரும் கற்பலகைகளில் கணக்கிட்டு ஆராய்ந்தனர். கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவளித்தார். அப்பணியில் இருந்தபோதுதான், 1913 சனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் மடல் எழுதினார். ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டுமே பெறும் எழுத்தர் எனத் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

ஆயினும், பகற்பொழுதில் ஒரு பகுதி அலுவலகக் கணக்குகளில் கழிந்தது. குறைந்த ஊதியத்தினும் இப்பொழுதிழப்பே அவருக்குப் பேரிழப்பு. வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையை ஏற்று, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டு உதவித்தொகை வழங்கியது. ஆய்வு ஒன்றே அவருடைய கடமையாயிற்று. 1913ஆம் ஆண்டு மே மாதம், துறைமுகக் கழகத்தில் விடுப்புப் பெற்று அப்பணியிலிருந்து நீங்கினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

1918ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தது. பெற்றோருக்கு 50 பவுண்டு அளித்து, தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்றோர் ஆகியோரின் கல்விக்குப் பயன்படுத்துமாறு அவர் எழுதினார்.

பணியை ஏற்றபோது தன்மதிப்பையும், நீங்கியபோது ஆய்வுக்குரிய பொழுதையும் அவர் எண்ணிப் பார்த்தார். அடுத்த வாழ்வுக்கு வழி அமைந்த பின்னரே முன்னைய பணியை விட்டார். பணியொன்றில் நீடிப்பதா, நீங்குவதா எனத் தடுமாறுவோர் பெறும் ஊதியத்தோடு, அப்பணிக்காக இழக்கும் பொழுதையும் கணக்கிடுதல் வேண்டும்.