ரெஸ்லிங் பொய்தான். அதுக்கு இப்ப என்ன?

ரெஸ்லிங் பாக்கிற ஆக்கள் என்று தெரிந்ததும் எங்களிடம் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அதெல்லாம் பொய்தானே?" மாமா கேட்பார், கம்பஸ் தோழி கேட்பாள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்து எங்கட போனை எட்டிப் பார்க்கிற முன்பின் தெரியாத ஐயாவும் கேட்பார். கேள்வியோடு சேர்ந்து ஒரு சிரிப்பும் வரும். இத்தனை வயசாகியும் இது விளங்கேல்லையா என்கிற சிரிப்பு.

விளங்கித்தான் இருக்கிறது. யார் வெல்வது என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். கம்பெனிக்காரர்களே இதை ஒத்துக்கொண்டு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், இது விளையாட்டுப் போட்டியில்லை, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று அன்றைய டபிள்யூடபிள்யூஎஃப் தரப்பே சொன்னது. விளையாட்டு என்றால் அரசாங்க ஆணைக்குழுவின் கட்டுப்பாடுகளுக்கு அடங்க வேண்டும். பொழுதுபோக்கு என்றால் அந்தத் தொல்லை இல்லை. உண்மை வெளியே வந்ததும் காசுக் கணக்கில்தான்.

நாங்கள் இருப்பது பல்லேகல. கிரிக்கெட் மைதானத்தால் உலகத்துக்குத் தெரிந்த ஊர். 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளோடு முதல் டெஸ்ட் இங்கே நடந்தது, மழைதான் அதில் கூட நேரம் விளையாடியது. இங்கே ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசிவைத்தால் அது குற்றம். 2019இல் அதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் இங்கே லங்கா டி10 நடந்துகொண்டிருந்தபோது ஓர் அணியின் உரிமையாளர் அந்தச் சட்டத்தின் கீழ் கைதானார். அன்றைக்கு எங்கட கூட்டாளி ஒருத்தன் சொன்னது: "மச்சான், ரெஸ்லிங்தான் இருக்கிறதிலேயே நேர்மையான விளையாட்டு. பொய்யெண்டு சொல்லிப்போட்டுத்தான் பொய் சொல்றாங்க."

பகிடிதான். ஆனாலும் அதில் விஷயம் இருக்கிறது. கிரிக்கெட்டில் முடிவைப் பேசிவைத்தால் பார்ப்பவன் ஏமாறுகிறான். ரெஸ்லிங்கில் பேசி வைக்காவிட்டால் ஆடுகிறவனின் கழுத்து முறியும். ஒருத்தன் மற்றவனைத் தலைக்கு மேல் தூக்கும்போது, தூக்கப்படுகிறவன் தன் முதுகெலும்பை நம்பிக்கொடுக்கிறான். எப்படி விழ வேண்டும் என்று அவர்கள் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். கோபம் பொய், பகை பொய், விழுகிற உடம்பு மட்டும் உண்மை.

தோட்டப்பக்கம் போய்வருகிற எங்களுக்கு இது புதுசும் இல்லை. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மன்மதனைச் சிவன் எரிக்கப்போகிறார் என்று அங்கே நிற்கிற கைக்குழந்தைக்கும் தெரியும். அப்படியிருந்தும் ரதி அழும்போது பாட்டிமார் சீலைத் தலைப்பால் கண் துடைப்பார்கள். ரதி வேஷம் கட்டியவன் நேற்றுவரை மட்டம் வெட்டிக்கொண்டு இருந்தவன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "பொய்தானே பாட்டி?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

*

எங்கள் கூட்டத்தில் நாலு பேர். மூன்று ஆண்கள், ஒரு பெண். எல்லாரும் ரெஸ்லிங்குக்குள் வந்தது அட்டை வழியாகத்தான். உயரம், எடை, நெஞ்சளவு, கைச்சுற்று, ரேங்க் எல்லாம் அச்சடித்த சீட்டுக்கட்டு. இங்கிலிஷ் எண்களை நாங்கள் வகுப்பில் படித்ததைவிட அந்த அட்டைகளில் படித்ததுதான் கூட. பிறகு டென் ஸ்போர்ட்ஸ். கேபிள் இருந்த ஒரே வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாய் சப்பணம் போட்டு இருப்போம். அந்த வீட்டு அன்ரி தேத்தண்ணி தந்தால் அது நல்ல நாள். சேனலை மாற்றிவிட்டு நாடகம் பார்க்கத் தொடங்கினால் எழும்பி வரவேண்டியதுதான்.

எங்களுக்கு முந்தியும் இது இருந்திருக்கிறது. எங்களில் ஒருத்தனின் தாத்தா "தாராசிங், கிங்காங்" என்று ஒரே மூச்சில் சொல்லுவார். கொழும்புக்கு அவர்கள் வந்தபோது போய்ப் பார்த்ததாகச் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் கிங்காங்கின் எடை கொஞ்சம் கூடும். தாரா சிங் பஞ்சாப்காரர், 1928இல் பிறந்தவர். 1968இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்றார். பிறகு ராமாயணத் தொடரில் அனுமனாக வந்தார். கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா. ஹங்கேரியில் பிறந்த ஐரோப்பியர். எங்கட பக்கத்து ஊர்களிலேயே சுற்றிச் சுற்றி மல்லுக்கட்டிப் பிழைத்து, 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். தாத்தாமார் கத்திக் கத்தித் திட்டிய அந்த வில்லன், பிறந்த நாட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து எங்கட ஆட்களின் வசவைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு போன ஒரு தொழிலாளி.

இப்போது கதை தலைகீழ். எங்கள் தோழியின் மாமா மகன் பிரான்சில் இருக்கிறான். 2024 மே 4ஆம் தேதி லியோன் நகரில் நடந்த பேக்லாஷ் நிகழ்ச்சிக்குப் போனவன். பிரான்சில் டபிள்யூடபிள்யூஈ நடத்திய முதல் பெரிய நிகழ்ச்சி அது. அன்றைய கூட்டம் தொடக்கம் முதல் முடிவு வரை பாடிக்கொண்டே இருந்தது. மறுநாள் வாட்ஸ்அப்பில் அவனுக்குக் குரலே இல்லை, காற்று மட்டும்தான் வந்தது.

அவனோடு எங்களுக்கு ஓயாத சண்டை. "பழசு பழசு எண்டு அழாதீங்க. இப்ப ஆடுறவங்கள் மாதிரி அப்ப ஒருத்தனும் ஆடேல்ல" என்பது அவன் கட்சி. ஹோகன் மூன்று பிடியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டினார், ஆஸ்திரியாவின் குந்தர் ஒரு மேட்சில் அடிக்கிற அடி ஹோகனின் முழு வாழ்க்கையிலும் இல்லை என்பான். ஐரோப்பாவில் ரெஸ்லிங்குக்குத் தனி வரலாறு இருக்கிறது என்றும் பெருமை பேசுவான். அது உண்மைதான். பிரிட்டனில் 1988 வரை சனிக்கிழமைகளில் டீவியில் ரெஸ்லிங் போனது. பிக் டாடி, ஜயன்ட் ஹேஸ்டாக்ஸ் இருவரும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். பிரான்சில் ரோலான் பார்த் என்கிற சிந்தனையாளர் 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் முதல் கட்டுரையையே ரெஸ்லிங் பற்றித்தான் எழுதினார். இதை விளையாட்டாகப் பார்க்காதீர்கள், பழைய கிரேக்க நாடகம் மாதிரி பாருங்கள், நன்மையும் தீமையும் உடம்பெடுத்து வந்து மோதுகிற இடம் இது என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கட பாட்டிமார் பார்த்தைப் படித்ததில்லை. காமன் கூத்துத் திடலில் அவர்களுக்கு அது முதலே தெரியும்.

*

பழசா புதுசா என்ற கேள்விக்கு எங்கள் நாலு பேரிடமும் ஒரே பதில் இல்லை.

கதை என்று பார்த்தால் பழசுதான். 1987இல் ஹோகன் ஆந்த்ரே த ஜயன்டைத் தூக்கிப்போட்ட அந்த ஒரு நொடிக்காக மாதக்கணக்கில் பகையை வளர்த்தார்கள். அண்டர்டேக்கர் ரெஸில்மேனியாவில் தொடர்ந்து 21 வெற்றி பெற்று, 2014இல் ப்ரொக் லெஸ்னரிடம் தோற்றபோது அரங்கமே செத்த வீடு மாதிரி ஆனது. அந்த அமைதியைத் தயாரிக்க இருபத்து மூன்று வருஷம் எடுத்தது. இப்போதைய அவசரத்தில் அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை.

ஆனால் அந்தப் பழசுக்குக் கொடுத்த விலையையும் சேர்த்துப் பேச வேண்டும். 1998இல் மிக் ஃபோலி பதினாறு அடி உயரக் கூண்டின் மேலிருந்து வீசப்பட்ட காட்சியை நாங்கள் சின்ன வயசில் கைதட்டிப் பார்த்தோம். 1999 மே 23ஆம் தேதி கன்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். அன்றைக்கு நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, மிச்ச மேட்சுகளும் நடந்தன. 2007இல் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் மகனையும் கொன்று தானும் செத்தார். பிறகு அவர் மூளையைப் பரிசோதித்தவர்கள், தொடர்ந்து அடி வாங்கியதால் கடுமையாகச் சேதமாகியிருந்தது என்றார்கள். அவர் செய்த கொலைக்கு அதை ஒரு சாட்டாகச் சொல்ல எங்களுக்கு மனசில்லை. தலையில் நாற்காலியால் அடிப்பதை டபிள்யூடபிள்யூஈ 2010இல்தான் தடை செய்தது.

இவ்வளவுக்கும் அந்தக் கம்பெனியின் கணக்கில் வீரர்கள் ஊழியர்கள் கிடையாது. ஒப்பந்தக்காரர்கள். வருஷம் முழுக்க அவர்கள் சொல்கிற ஊரில், சொல்கிற வேஷத்தில், சொல்கிற ஆளிடம் தோற்க வேண்டும். ஆனாலும் ஊழியர் இல்லை. பல்லேகல கைத்தொழில் வலயத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே அதற்குப் பெயர் மேன்பவர். எங்களில் ஒருத்தனின் அக்கா ஒரு தொழிற்சாலையில் மேன்பவர் மூலம் இரண்டு வருஷம் நின்றாள். ஒரே மெஷின், ஒரே ஷிப்ட், பக்கத்தில் நின்றவளுக்கு இருந்த லீவும் போனஸும் இவளுக்கு இல்லை. கையில் ஊசி ஏறிய நாளில் "நீங்க எங்கட ஆள் இல்லையே" என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்களாம். ரிங்குக்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற ஒருவனைப் பார்க்கும்போது, வைத்தியச் செலவு யார் கணக்கில் என்ற கேள்வி இப்போது எங்களுக்குத் தானாக வருகிறது.

எங்கள் தோழிக்குப் பழசு பிடிக்காததற்கு அவளுடைய காரணம் இருக்கிறது. "அந்தக் காலத்தில பொம்பிளைகள் வந்தா வீட்டில சேனலை மாத்துவாங்க. எனக்கே மாத்தத்தான் தோணும்" என்பாள். உடையைக் கிழிப்பதே போட்டியாக இருந்த காலம் அது. 'டீவா' என்ற பட்டத்தை 2016இல்தான் தூக்கினார்கள். 2019 ரெஸில்மேனியாவில் முதன்முறையாகப் பெண்களின் மேட்ச் கடைசி மேட்சாக, அதாவது மெயின் இவெண்டாக நடந்தது. பெக்கி லிஞ்ச் வென்ற அந்த இரவின் வீடியோவை அவள் தன் தங்கச்சிக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள், சேனல் மாற்றப் பயமில்லாமல். இந்த இடத்தில் பிரான்ஸ்காரன் கட்சிதான் வெல்கிறது.

*

நாங்கள் இன்னும் பேசித் தீராத விஷயம் வில்லன்.

ரெஸ்லிங்கில் வில்லன் செய்வது லேசான வேலை, எதிரி நாட்டுக்காரன் என்று ஒருத்தனைக் காட்டினால் போதும். ஈரானோடு பகை இருந்த காலத்தில் அயர்ன் ஷேக் வந்தார், 1984இல் ஹோகன் அவரை வென்று சாம்பியன் ஆனார். 2004 கடைசியில் முஹம்மத் ஹசன் என்று ஒரு பாத்திரம் வந்தது. செப்டம்பர் 11க்குப் பிறகு எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார்களே என்று நியாயம் கேட்கிற அரபு அமெரிக்கர். அவர் கேட்டது நியாயம். கூட்டத்தை வைத்து அவருக்கு ஊளையிட வைத்தது கம்பெனி. நடித்தவர் இத்தாலிய வம்சாவளி. 2005 ஜூலை 7ஆம் தேதி, முகமூடி போட்ட ஆட்கள் ஹசனுக்காக அண்டர்டேக்கரின் கழுத்தை நெரிக்கிற காட்சி ஒளிபரப்பானது. லண்டனில் குண்டு வெடித்ததும் அதே நாள். அந்த மாதத்துக்குள்ளேயே பாத்திரத்தைத் தூக்கிவிட்டார்கள்.

எங்கள் நாலு பேரில் ஒருத்தன் முஸ்லிம். சின்ன வயசில் நாங்கள் ரெஸ்லிங் விளையாடும்போது ஹசன் வேஷம் எப்போதும் அவனுக்குத்தான் போனது. அவனும் நல்லா நடிப்பான், நாங்களும் நல்லா ஊளையிடுவோம், பிறகு அவன் வீட்டில் உம்மா தருகிற வட்டிலாப்பம் சாப்பிடுவோம். 2018 மார்ச்சில் பக்கத்தில் திகனையிலும் தெல்தெனியவிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஊரடங்கு, பிறகு அவசரகாலச் சட்டம். அந்த நாட்களில் அவன் வீட்டு லைட்டெல்லாம் அணைத்திருந்தது. நாங்கள் மெசேஜ் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

நீண்ட நாள் கழித்து அவனே அதைப் பற்றிப் பேசினான். "அண்டைக்கும் கூட்டம்தான், கத்தலும் அதேதான். ஆனா அதில ரெஃப்ரி இல்ல மச்சான்." அதற்குப் பிறகு ரெஸ்லிங்கை விட்டுவிடுவான் என்று நினைத்தோம். அவன்தான் எங்களில் இன்னும் கூடப் பார்க்கிறவன். ரிங்கில் வில்லனாக நிற்கிறவன் மேட்ச் முடிந்ததும் எதிராளியோடு ஒரே காரில் அடுத்த ஊருக்குப் போவான், அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்கிறான். எங்களால் முன்பு மாதிரி அவ்வளவு லேசாக ஊளையிட முடிவதில்லை. ஒரு வில்லன் வந்தால், இவன் என்ன செய்ததற்காக வில்லன், எங்கே பிறந்ததற்காக வில்லன் என்று பிரித்துப் பார்க்கிறோம். இந்த விஷயத்தில் இப்போதைய ரெஸ்லிங் கொஞ்சம் தேறியிருக்கிறது. குந்தரை வெறுக்க அவருடைய ஆணவம் போதும், பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. 2025இல் ஜான் சீனாவே கெட்டவனாக மாறியபோது, ஒரு நாடும் மதமும் இழுபடாமலே உலகம் முழுக்கத் திட்டியது.

*

இதுவரை ரெஸ்லிங் பார்க்காதவர்களுக்கு எங்கள் சிபாரிசு மூன்று. 1992 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளியில் பிரெட் ஹார்ட், பிரிட்டிஷ் புல்டாக் மோதியது. மச்சானும் மச்சானும் மோதுகிற குடும்பக் கதை, எண்பதாயிரத்துக்குக் குறையாத கூட்டம். 2015இல் புரூக்ளினில் சாஷா பேங்க்ஸ், பெய்லி. 2022 செப்டம்பரில் கார்டிஃபில் குந்தர், ஷேமஸ். கடைசி மேட்ச் பிரான்ஸ்காரனின் வற்புறுத்தலால் சேர்த்தது. பார்த்த பிறகு நாங்களும் எதிர்த்துப் பேசவில்லை.

முடிவு என்ன என்று முதலே தேடிப் படித்துவிட்டே பாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. விழுகிறவனைவிட, அவனைப் பிடிக்கிறவனின் கையைக் கவனியுங்கள். தலை தரையில் படாமல் கடைசி நொடியில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். பிறகு வந்து பொய்யா உண்மையா என்று எங்களோடு சண்டை பிடிக்கலாம். மைதானத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஞாயிறு பின்னேரம் நாலு பேரும் இருப்போம், பிளேன்டி எங்கட கணக்கு.